வாசகர் கேள்வி: அசரியா பேராயருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் அசரியா பேராயரைப் பற்றிப் பேசினார்கள். அவர் திருநெல்வேலிக்காரர், ஊழியம் செய்ததோ தெலுங்கு நாட்டில். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வழியில் வந்த நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நிறைய சம்பந்தம் இருக்கிறது. ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார், அப்பா அந்த ஊர் சபையின் ஆயர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். நம் ஆட்களே காசு போட்டு, நம் ஆட்களையே அனுப்பி ஊழியம் நடத்த வேண்டும் என்று 1903இல் திருநெல்வேலியில் ஒரு மிஷனரி சங்கம் தொடங்கியதில் அவர் முன்னால் நின்றார். அந்தச் சங்கம் பிடித்த இடம்தான் ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் 1909இல் இருந்த வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, தானே அங்கே கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் நிறைந்த அந்தச் சபையில் அவர் எழுந்து, மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் ஒரே ஆண்டவருக்கு வேலை செய்தாலும் எஜமானும் ஆளுமாகத்தான் பழகுகிறார்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். வந்திருந்தவர்களில் பலருக்கு இது கசந்தது. 1910இல், அவர்கள் ஊரிலேயே நின்று ஒரு தமிழர் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிகன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபையில், முதல் இந்தியப் பேராயர் அவர். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் பின்னால் நின்று இதற்காகப் போராடினார். இந்தியருக்கு இவ்வளவு பெரிய பதவியா என்ற எதிர்ப்பு மிஷனரிகளிடமிருந்தும் வந்தது, நம்மவர்களிடமிருந்தும் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, 1945இல் அவர் இறக்கும்வரை ஒரு ஆங்கிலிகன் பேராயத்துக்கு (பேராயரின் பொறுப்பில் இருக்கும் சபைப் பகுதி) தலைமை தாங்கிய இந்தியர் அவர் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம்! அடுத்த ஆளைக் கொண்டுவர யாருக்கும் மனசு வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சரி, நம் கதைக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கட்டர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனில் பேராயர் என்ற பதவியே கிடையாது, மூப்பர்களும் ஆயர்களும் கூடித்தான் முடிவெடுப்பார்கள். வேலூர் கோட்டைக்குள் 1846இல் கட்டிய தூய யோவான் ஆலயமோ கிழக்கிந்தியக் கம்பெனி படையினருக்கானது, ஆங்கிலிகன் முறை. ஒரே ஊர், ஒரே வேதம், ஆனால் திருவிருந்து மேசை வேறு வேறு. இந்தப் பிரிவெல்லாம் மேல்நாட்டில் உண்டானவை, நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டவர்களில் அசரியா முதன்மையானவர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய சிறு கூட்டத்தில், வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், சபை ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கை வந்தது. அப்புறம் இருபத்தெட்டு வருஷம் பேச்சு வார்த்தை. கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது, நம் ஆற்காடு சபைகளும் கோட்டை ஆலயமும் ஒரே சபைக்குள் வந்தன. நீங்கள் இன்று 'பேராயர்' என்று வாய் நிறையச் சொல்கிறீர்களே, அது அந்த ஒப்பந்தத்தில் வந்ததுதான். அசரியா 1945 ஜனவரி 1 அன்றே போய்விட்டார், அந்த நாளைப் பார்க்கவில்லை.

கேள்வி: தோர்ணக்கலில் அவர் ஊழியம் எப்படி இருந்தது?
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தெலுங்கு கற்றுக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் மக்கள். கடன், குடி, நோய், அழுக்கு இந்த நான்கையும் பேய்கள் என்று சொல்லி விரட்டச் சொல்வார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பாராம். எழுத்து தெரியாத கூலிக்காரர் தலை ஈரம் கையில் ஒட்ட இதைச் சொல்வதை நினைத்துப் பாருங்கள், அன்றிலிருந்து அவரும் ஊழியர்தான். மனைவி அன்பு மரியம்மாளும் கூடவே இருந்து உழைத்தார். கோவில் தூணும் மசூதிக் குவிமாடமும் சேர்ந்த மாதிரி 1939இல் முடித்த பேராலயம் அங்கே இன்னும் நிற்கிறது. காட்பாடியில் ரயிலேறி விஜயவாடா தாண்டினால் தோர்ணக்கல் ஜங்ஷன், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.