கயிறு எங்கே?

அன்புள்ள அக்கா,

அம்மாவின் பழைய சேலைகள், அப்பாவின் சாரம், தம்பியின் ஸ்கூல் சட்டை என்று இரண்டு உரப்பை நிறையத் துண்டுத்துணி வீட்டில் கிடக்கிறது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், எதையும் வீச விடமாட்டார். அதனால் குஷன் உறை தைத்து, அதன்மேல் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை ஒட்டுத்துணியில் வெட்டித் தைக்கிறேன். படம் அனுப்பியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வரும் எல்லவில் ஒரு கடைக்காரர் வாங்குவதாகச் சொல்கிறார். சாயம் போகாமலிருக்க என்ன செய்வது? மிஞ்சும் பொடித்துண்டுகளை என்ன பண்ணலாம்? ஓர் உறைக்கு ஒன்றரை நாள் பிடிக்கிறது. 2500 ரூபாய் கேட்டால் அதிகமா?

வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கச்சி,

தையல் அருமை. ஓரம் மடித்த இடமே தெரியவில்லை. அம்மாவின் சேலைக் கரையை அந்தப் பெண்ணுக்கு முக்காடாக வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன்.

சாயத்துக்கு வித்தை ஒன்றுமில்லை. துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை பிடித்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

ஆனால் அந்தக் கூடை! முதுகில் ஸ்கூல் பேக் மாதிரி ஒட்டிவைத்திருக்கிறீர்கள். கயிறு எங்கே? கூடையின் பாரம் தலையில் அல்லவா தொங்குகிறது? கொழுந்து நிறைய நிறையக் கயிறு பின்னால் இழுக்கும், கழுத்து முன்னால் போகும். மழையில் நனைந்த கொழுந்தென்றால் கேட்கவே வேண்டாம். இது தெரியாத ஊர்க்காரன் போஸ்ட்கார்டில் எப்படியும் போடட்டும். அம்மாவை மலைக்கு அனுப்பி வளர்ந்த பிள்ளை நீங்களுமா?

இப்போது கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது என்று பதில் எழுதாதீர்கள். தெரியும். பையும் தலையில்தான் தொங்குகிறது.

துண்டுத்துணிக்கு என்ன உபயோகம் என்று கேட்கிறீர்கள். எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், முதல் உபயோகம் அந்தக் கயிற்றுக்கு அடியில்தான். அம்மா அதற்கென்று அப்பாவின் நைந்த வேட்டியை எடுத்துவைப்பார். நாலாக மடித்து, நடுவில் மட்டும் இன்னும் இரண்டு மடிப்பு வைத்து, சுற்றிவர ஓட்டுத்தையல் போடுவார். நைலெக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலைத்துண்டு உதவாது. வழுக்கும், கயிறு காதுக்கு இறங்கிவிடும். புதுத்துணி மொடமொடத்துத் தலையை அறுக்கும். நைந்த பருத்திதான் வியர்வையையும் குடிக்கும், கயிற்றையும் பிடித்துக்கொள்ளும். மழை மாதங்களில் இரவு முழுக்க அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்தும் அது முழுசாகக் காயாது. விடிந்ததும் புகை நாற்றத்தோடு அப்படியே தலைக்கு ஏறும். அத்தனை மடிப்பு வைத்தும் அம்மாவுக்குக் கயிறு உட்காரும் இடத்தில் முடி கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பக்கத்து முடியை இழுத்து அதை மூடிச் சீவுவார்.

எனவே அந்தப் பெண்ணின் தலையில் கயிறு வையுங்கள். அதற்கடியில் வெள்ளைப் பருத்தியில் விரலகலத்துக்கு ஒரு துண்டு. வாங்குகிற வெள்ளைக்காரிக்குப் புரியாமல் போகட்டும். உங்கள் அம்மாவுக்குப் புரியும்.

பொடித்துண்டுகளில் பருத்தியைக் கால்மிதிக்குப் பின்னுங்கள். குஷனுக்குள் அடைப்பதானால் நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். நைலெக்ஸ், பொலியெஸ்டர் துண்டில் சட்டி இறக்கும் பிடிதுணி மட்டும் தைக்காதீர்கள். சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும்.

விலைக்கு என்ன கூச்சம்? 2024இல் அரசாங்க வர்த்தமானியில் போட்ட தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலே ஒன்றரை நாளுக்கு 2025 ரூபாய் ஆகிறது. நூல் காசு, பஸ் காசு எங்கே? கடைக்காரர் அதை என்ன விலைக்கு விற்கிறார் என்று ஒருநாள் தெரியாத ஆள் மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 3500 கேளுங்கள். கயிறு வைத்துத் தைக்க இன்னும் அரை நாள் பிடிக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.