பழைய லாரிகளின் இன்ஜின்கள் இன்றைய இன்ஜின்களைவிட உறுதியானவையா?

"அந்தக் காலத்து லாரி இன்ஜின் மாதிரி இப்போது வருவதில்லை" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அது உண்மையா, ஒரு பழைய லாரி வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் பள்ளிக்கூட நாட்களின் கோடை விடுமுறைகள் பெரும்பாலும் ஒரு டாடா 1210 இன்ஜினின் மேல் உட்கார்ந்தே கழிந்தன.

சங்ககிரியில் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு லாரி. அவரே ஓனர், அவரே டிரைவர். அந்த வண்டியில் இன்ஜின் பாதி மூக்குக்குள், பாதி கேபினுக்குள் இருக்கும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே அதை மூடிய தகரப் பெட்டி. சாக்கை நாலாக மடித்து அதன்மேல் போட்டு என்னை உட்கார வைப்பார். ஓமலூர் தாண்டும்போதே சாக்கு சுட ஆரம்பிக்கும். தொப்பூர் ஏற்றத்தில் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 1210-இல் 12 என்பது வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை, டன்னில். 10 என்பது குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தது, அதாவது நூறைச் சுற்றி. உள்ளே இருந்த இன்ஜினுக்குப் பெயர் 692. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், 120 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 4.8 லிட்டர் வரும். பின்னால் வந்த 697-க்கு 97 மில்லிமீட்டர் போர், 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 5.7 லிட்டர். நம் தெருவில் தினமும் பார்க்கிற 407-இன் 497 இன்ஜினும் இதே கணக்குதான்: நாலு சிலிண்டர், 97 போர்.

இந்த வம்சத்தின் தாத்தா ஜெர்மனிக்காரர். 1954-இல் டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டெய்ம்லர் பென்ஸும் பதினைந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். 1969 வரை முன்பக்கத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரம் போன பிறகும் எங்கள் பக்கத்தில் பல பெரியவர்களுக்கு அது "பென்ஸ் லாரி"தான். ஆரம்பத்தில் வந்த 4.6 லிட்டர் இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன்மேல் தெளிக்காது. பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன அறையில் எரியத் தொடங்கி அங்கிருந்து சிலிண்டருக்குள் பாயும். சத்தம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். ஆனால் காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். அப்புறம் நேரடியாகத் தெளிக்கும் முறை வந்தது. ஹீட்டர் வேலை போயிற்று, மைலேஜ் ஏறிற்று, "டக டக" என்று பல்லைக் கடிப்பது போன்ற சத்தமும் கூடவே வந்தது.

சரி, உறுதிக்கு என்ன காரணம்? 4.8 லிட்டரில் நூறு சொச்சம் குதிரைத்திறன் என்றால் லிட்டருக்கு இருபத்துச் சொச்சம். இன்றைக்கு ஐந்து லிட்டர் இன்ஜினிலேயே 200 எடுக்கிறார்கள். பழைய இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, வேகமும் நிமிடத்துக்கு 2800 சுற்றைத் தாண்டாது. இரும்பு நிறைய, வேலை குறைவு. கல்யாணப் பந்தலில் பத்துப் பேர் தூக்க வேண்டிய அண்டாவை இருபது பேர் தூக்குகிற மாதிரி.

எண்ணூரில் செய்த அசோக் லேலண்ட் லாரியின் கதையும் இதேதான், எண் வைக்கும் விதம் மட்டும் வேறு. 1951-இல் வந்த காமெட் 350-இல் 350 என்பது இன்ஜின் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் சொன்னால் 5.7-ஐ ஒட்டி. லேலண்ட் ஓட்டியவர்கள் "குறைந்த வேகத்தில் இழுக்கிற இழுப்பு இதுக்குத்தான்" என்பார்கள். பெரியப்பா ஒப்புக்கொண்டதே இல்லை. நான் இரண்டையும் ஓட்டாதவன், அதனால் இந்தச் சண்டையில் தலையிடவில்லை.

இப்போது மீதிப் பாதி. பன்னிரண்டு டன் என்பது புத்தகத்தில். ரோட்டில் ஏற்றியது வேறு. ஏற்றத்தில் முதல் கியரில் மூச்சு வாங்கும்போது கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார். வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் போட வேண்டுமே! அந்தப் பாடு படுத்தியதில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எங்கள் வண்டியின் இன்ஜினை இறக்கிவிடுவார்கள். லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. இன்று என் நண்பரின் லாரி ஆறு லட்சம் தாண்டிவிட்டது, இன்னும் ஹெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஆக, பழைய இன்ஜின் பழுதாகாது என்பது சரியல்ல. பழுதானால் பக்கத்து ஊரிலேயே அதைச் சரிசெய்ய ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி கிருஷ்ணகிரிக்கு முன்னால் இன்ஜின் ஒரு சிலிண்டர் அடிக்காமல் தள்ளாட ஆரம்பித்தது. டீசல் ஃபில்டரை மாற்றாமல் தள்ளிப்போட்டது பெரியப்பாவின் தப்பு. ரோட்டோரப் பட்டறையில் தூங்கிக்கொண்டிருந்த மேஸ்திரியை எழுப்பினோம். அவர் கண்ணைக் கசக்கியபடியே வந்து, இன்ஜின் ஓடும்போதே, டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்று தளர்த்தினார். முதல் மூன்றிலும் தளர்த்தியவுடன் சத்தம் தடுமாறியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர்கள் வேலை செய்கின்றன. நாலாவதைத் தளர்த்தினார், சத்தத்தில் மாற்றமே இல்லை. "இவந்தான்" என்றார்.

நாசிலைக் கழற்றி, வெளியே நீட்டிப் பிடித்தபடி பைப்பில் மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசல் பனிப்புகை மாதிரி வர வேண்டும், அது ஒழுகியது. பிரித்து, டீசலில் கழுவி, ஊசியைத் துடைத்து, திரும்ப அடித்துப் பார்த்தபோது டார்ச் வெளிச்சத்தில் புகை விரிந்தது. மாட்டிவிட்டு, கைப்பம்பை அழுத்தி, லைனில் இருந்த ஏர் எல்லாம் நுரையாக வெளியேறும்வரை ஸ்குரூவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணினி இல்லை, சென்சார் இல்லை. ஓட ஆரம்பித்த பிறகு அந்த இன்ஜினுக்கு மின்சாரமே தேவையில்லை. அணைப்பதற்குக்கூட ஸ்டாப்பரை இழுத்து டீசலை நிறுத்த வேண்டும்.

அந்த நாசில் திறக்க 200 பார் அழுத்தம் போதும். இன்றைய இன்ஜின்களில் இருக்கும் காமன் ரெயில் என்ற டீசல் தெளிப்பு முறையில் 1600 பாருக்கு மேல் போகிறது. அதைப் புளியமரத்தடியில் பிரித்துக் கழுவ முடியாது, பிரிக்கவும் கூடாது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது மைலேஜும் சுத்தமான காற்றும். ஏற்றத்தில் எங்கள் லாரி விட்ட கரும்புகைக்குப் பின்னால் பைக்கில் வந்தவர்களின் சட்டையை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. புஸ் புஸ் என்று கையைத் தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது, ரிங்கும் லைனரும் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.