அப்பாவின் கையில் கேனுலா (இரத்த நாளத்தில் மருந்து ஏற்றச் செருகும் மெல்லிய குழாய்) போட்டு மூன்று நாள் ஆகிறது. அதன் மேலுள்ள பிளாஸ்திரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நான் மருத்துவர் அல்லள். அரசு மருத்துவமனையில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் தந்தையின் கையில் வெள்ளைப் பிளாஸ்திரி பல அடுக்காக ஒட்டப்பட்டு, அதில் தேதி எதுவும் எழுதப்படாமல் இருக்கும் என்றே கருதுகிறேன். தேதி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது.

ஊசி ஏறிய இடம் வெளியே தெரியும்படியான ஒட்டுப்படலமாக இருந்தால் ஏழு நாள் வரை விடலாம்; பஞ்சுத்துணி வைத்து ஒட்டியிருந்தால் இரண்டு நாள். நனைந்தாலோ, விளிம்பு கிளம்பினாலோ, இரத்தம் கசிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் அப்போதே மாற்ற வேண்டும். ஆனால் பிளாஸ்திரியை மாற்றுவதைவிட, அதனடியில் உள்ள தோலைத் தினமும் பார்ப்பதுதான் முக்கியம். இதை நான் என் கையைக் கொடுத்துக் கற்றேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு நிமோனியாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். இடது புறங்கையில் ரோஸ் நிறக் கேனுலா போட்டு, அதன் இறக்கைகளும் மணிக்கட்டும் மறையும்படி மைக்ரோபோர் எனும் காகிதப் பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஆன்டிபயாடிக் ஏறும்போது முழங்கை வரை எரிந்தது. சொன்னேன். "மருந்து வீரியமானது அம்மா, கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்றாள் பணியிலிருந்த செவிலிப் பெண். மாலையில் பொறுக்க முடியாமல், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பிளாஸ்திரியின் ஓரத்தை நானே இளக்கி விலக்கிப் பார்த்தேன். துளையைச் சுற்றித் தோல் பளபளவென்று சிவந்திருந்தது. அங்கிருந்து மேல்நோக்கி நான்கு விரற்கடை நீளத்திற்கு இரத்த நாளம் சணல் கயிறு போலத் தடித்திருந்தது. உடனே கழற்றச் சொன்னேன். அந்தத் தடிப்பு கரைய மூன்று வாரம் ஆயிற்று. கட்டணச் சீட்டில் நான் கண்ணாலும் காணாத ஒட்டுப்படலத்திற்கு இரண்டு முறை பணம் போட்டிருந்தது தனிக் கதை.

செவிலியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சினம் கொள்ள வேண்டாம். நாற்பது படுக்கைகளுக்கு இரவில் இருவர் மட்டுமே நின்ற வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பெண் சொன்ன அதே வாக்கியத்தை, அதே குரலில், எத்தனையோ பேரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருடைய பிளாஸ்திரிக்கு அடியில் கயிறு தடித்திருந்ததோ!

"மூன்று நாள் ஆகிவிட்டது, கேனுலாவையே மாற்றுங்கள்" என்று உறவினர்கள் வற்புறுத்துவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், நாள் குறித்து மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் இரத்த நாள அழற்சி ஏறத்தாழ 7 சதவீதமாகவே இருந்தது. ஆயினும் இதை நாள் கடத்துவதற்கான அனுமதியாகக் கொள்ளலாகாது. தேவை வந்துவிட்டதா என்பதை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்த முறை செல்லும். மருத்துவமனைக்கென்று விதி இருந்தால் அதன்படியே நடக்கட்டும்.

ஆகவே காலையும் மாலையும் அந்த இடத்தைப் பாருங்கள். வலி, சிவப்பு, வீக்கம், சூடு, ஈரம் இவற்றில் எது தெரிந்தாலும், மருந்து செலுத்தும்போது எரிந்தாலும், டியூட்டி சிஸ்டரை அழைத்துப் பிளாஸ்திரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என்னைப் போல நீங்களே பிரிக்க வேண்டாம், இழுத்த இழுப்பில் குழாய் வெளியே வந்துவிடும். புதிதாக ஒட்டும்போது தோலில் தடவிய மருந்து தானாக உலர வேண்டும்; ஊதுவதோ விசிறுவதோ கூடாது. ஒட்டியதும் தேதியையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். குளிக்கும்போது பாலிதீன் உறை கட்டுங்கள். டிரிப்ஸும் ஊசி மருந்தும் நின்று மாத்திரைக்கு மாறிவிட்டால், "இது இன்னும் எதற்கு?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கழற்றிய பின் இரண்டு மூன்று நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தந்தை இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், ஏனெனில் சிலருக்குத் தடிப்பு கழற்றிய பிறகே தெரியவரும்.