மே மாதம் வரை மண்ணைத் தொடக்கூடாதா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கனடாவின் ஒண்டாரியோவில் வேலை பார்த்தபோது தோட்டம் போட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். மார்ச் கடைசியில் டொரோண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். செப்டம்பர் கடைசி வரை இருப்பேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறதாம். வெண்டை, கத்தரி, சிலி பாடி (ஊசி மிளகாய்), புடலை, தண்டுக்கீரை, கச்சாங் போத்தோல் (சிறகவரை) எல்லாவற்றுக்கும் விதை சேர்த்துவிட்டேன். போய் இறங்கிய வாரமே போட்டுவிடலாம் என்று பார்த்தால், மே மாதம் வரை மண்ணையே தொடாதீர்கள் என்கிறாள் மகள். மருமகன் எங்கோ பார்த்துவிட்டு மே இரண்டாம் வாரம் என்கிறார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவோ விக்டோரியா நாள் கழியட்டும் என்கிறாராம். ஏப்ரலிலேயே நல்ல வெயில் அடிக்கிறது, மகள் அனுப்பும் படங்களில் பார்க்கிறேனே! இத்தனை பயம் எதற்கு? யார் பேச்சைக் கேட்பது?

ஓர் ஆசிரியை, செந்தூல்

டீச்சருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்து அம்மா பேச்சைக் கேளுங்கள். வெண்டைக்கு மட்டும் அவர் சொல்லும் நாளுக்கு மேலும் பத்து நாள் பொறுங்கள். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். மகள் சொல்வது பாதிச் செடிகளுக்குத்தான் பொருந்தும்.

மருமகன் பார்த்த தேதி, வசந்தத்தின் கடைசி உறைபனி விழும் நாள். அது பல ஆண்டுக் கணக்கின் சராசரி. ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கும். பூவா தலையா போட்டுப் பார்த்தா கத்தரி நாற்றை வெளியே வைப்பது? அதோடு டொரோண்டோ முழுக்க ஒரே குளிர் இல்லை. ஒண்டாரியோ ஏரியை ஒட்டிய நகர மையத்தில் கட்டடமும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால் உறைபனி முன்னதாகவே நின்றுவிடும். வடக்கே மார்க்கம் என்ற ஊர்ப் பக்கம் போனால் தள்ளிப்போகும். மகள் வீடு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

விக்டோரியா நாள் என்பது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. ஆண்டைப் பொறுத்து 18-இலிருந்து 24-க்குள் வரும். அரசியின் பிறந்தநாள் விடுமுறைக்கும் தக்காளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த வட்டாரத்துக்காரர்கள் நாற்று நடுவதற்கு அந்த வாரக்கடைசியைத்தான் காலங்காலமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆபத்து பெரும்பாலும் கழிந்துவிடும், விடுமுறையும் கிடைக்கிறது.

இனி அந்த ஏப்ரல் வெயில். படத்தில் தெரிவது மதியம். செடிக்குத் தீர்ப்பு எழுதுவது இரவு. கோலாலம்பூரில் பகலில் 33 டிகிரி அடித்தாலும் இரவில் 22-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கே ஏப்ரலில் மதியம் 16 டிகிரி இருந்தாலும் மறுநாள் விடிவதற்குள் 1 டிகிரிக்கு இறங்கிவிடலாம். வானம் தெளிவாக, காற்றும் இல்லாத இரவுதான் மோசம். நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும். நம் ஊரில் மேகம் மூடிய இரவு புழுங்கித் தள்ளுகிறதல்லவா, அந்த மூடி அங்கே அன்றைக்கு இருக்காது. நல்ல வெயில் அடித்த நாளின் இரவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உறைபனி விழாவிட்டாலும் கத்தரி, வெண்டை போன்ற வெயில் ஊர்ச் செடிகளுக்கு 10 டிகிரிக்குக் கீழான இரவுகள் ஆகாது. சாகாது, ஆனால் அப்படியே முடங்கிப்போகும். மே 10-இல் நட்டு முடங்கிய கத்தரியை ஜூன் முதல் வாரத்தில் நட்டது முந்திக்கொண்டு போவதை அங்கே எத்தனையோ தோட்டங்களில் பார்க்கலாம். விதைக்கு மண்ணின் சூடும் வேண்டும். 10 டிகிரி மண்ணில் வெண்டை விதை ஊறி அழுகும். 20 டிகிரியில் முளைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், 30 டிகிரியில் ஒரே வாரம். மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் பாருங்கள். மருமகனுக்கும் மகளுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல அது போதும்.

நம் ஊரில் நாள் எண்ணி விதைத்துப் பழக்கமில்லை. மழையைப் பார்ப்போம், பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தண்ணீர் ஊற்றுவோம், அவ்வளவுதான். அங்கே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நடும் நாள் மே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பு வீட்டுக்குள் விதை போட வேண்டும். அதாவது நீங்கள் போய் இறங்குகிற வாரம்! நீங்கள் நினைத்த நாள் சரிதான், இடம்தான் வேறு. சிலி பாடி மெதுவாக வரும் சாதி, ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தொட்டியிலேயே வளர்த்தால் குளிர் வரும்போது உள்ளே எடுத்துவிடலாம். தக்காளி வேண்டுமென்றால் ஏப்ரல் தொடக்கத்தில் போடுங்கள். புடலையை மே முதல் வாரத்தில் காகிதக் கோப்பையில் போட்டு, வேர் அசையாமல் கோப்பையோடு நடுங்கள். முதலில் ஆண் பூவாகப் பூத்துக் கொட்டும், பயப்பட வேண்டாம். ஆகஸ்டில் காய் பார்க்கலாம்.

ஜன்னல் தெற்குப் பார்த்ததாக இருக்கட்டும். அங்கே மதியச் சூரியன் எப்போதும் தெற்குச் சாய்வில்தான் இருக்கும், வடக்கு ஜன்னலில் வைத்த நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். ஜன்னல் வெளிச்சமும் போதவில்லை என்றால், நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் எல்இடி விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிய விடுங்கள். வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், பகலில் கொஞ்ச நேரம் நிழலில் வைத்து, பிறகு வெயிலில் வைத்துப் பழக்குங்கள். அவசரப்பட்டு நேராகக் கொண்டுபோய் நட்டால் இலை வெளுத்துக் கருகும்.

தோட்டத்து மண்ணிலும் ஏப்ரல் நடுவிலேயே வேலை உண்டு. பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, பசலை (கொடிப்பசலை இல்லை, ஸ்பினாச்), லெட்டூஸ், கேரட், கொத்தமல்லி. இவற்றில் பாதியை நாம் கேமரன் மலையிலிருந்து லாரியில் வந்தால்தான் பார்ப்போம். லேசான உறைபனி இவற்றை ஒன்றும் செய்யாது. தேதி பார்க்க வேண்டாம், மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டித் தட்டுங்கள். உதிர்ந்தால் விதைக்கலாம். களிமண்ணாக ஒட்டினால் பனி உருகிய ஈரம் இன்னும் போகவில்லை, அதைக் கொத்தினால் கோடையில் செங்கல்லாகிவிடும். இலை வருவதற்கு முன்பே மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஃபோர்சித்தியா என்ற புதர் அந்தத் தெருக்களில் நிறைய உண்டு. அது பூத்தால் பட்டாணி போடலாம் என்பது அந்த ஊர்த் தோட்டக்காரர்களின் பஞ்சாங்கம். தொலைபேசியில் பார்க்கும் தேதியைவிட அதை நம்பலாம் என்பது என் கட்சி. அந்த ஆண்டின் குளிரை அந்தப் புதர் நேரில் அனுபவித்திருக்கிறது.

பசலையும் கொத்தமல்லியும் ஜூனில் பகல் நீண்டு சூடேறியதும் பூத்துவிடும். பிடுங்கி எறியுங்கள். அதே பாத்தியில்தான் வெண்டையும் தண்டுக்கீரையும் போகப் போகின்றன. ஒரே துண்டு நிலத்தில் இரண்டு விளைச்சல். இதைச் சொன்னால் மகள் சமாதானமாகிவிடுவார்.

கச்சாங் போத்தோல் விதையை மட்டும் செந்தூலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இது குளிர் விவகாரம் இல்லை. நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், கூடினாலும் குறைந்தாலும் அரை மணி நேரத்துக்குள். டொரோண்டோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். சிறகவரை பகல் குறுகினால்தான் பூக்கும். அங்கே பகல் 12 மணி நேரத்துக்கு இறங்குவது செப்டம்பர் கடைசியில், நீங்கள் விமானம் ஏறும் நேரத்தில். பூ பிஞ்சாகும் முன்பே அக்டோபர் உறைபனி வந்துவிடும். என்ன எருப் போட்டாலும், எத்தனை சீக்கிரம் நட்டாலும் இதற்கு வழியில்லை. கொடி மட்டும் வேலி முழுக்கப் படர்ந்து நிற்கும், கொழுந்தை வேண்டுமானால் கடைந்து சாப்பிடலாம். ஊரிலிருந்து வரவழைத்த அவரை விதைகள் பலவற்றுக்கும் இதே கதிதான். பந்தல் போட்டு ஆசை ஆசையாய் ஏற்றிவிட்டு, பூ வைக்கவில்லை என்று தண்ணீரைக் குறை சொல்பவர்கள் அங்கே உண்டு. பீன்ஸ் போடுங்கள், அதற்குப் பகல் கணக்கு இல்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். மலேசியாவில் அதற்கு வேலை இல்லை. வேடிக்கை, டொரோண்டோவில் இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் இரண்டாம் முறை கேரட், பீட்ரூட், கேல் கீரை போட்டால்தான் உறைபனிக்கு முன் விளையும். விதைப் பொட்டலத்தில் 60 நாள் என்று போட்டிருந்தால் மேலும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள், பகல் குறையக் குறைய வளர்ச்சியும் மெதுவாகும். நீங்கள் கிளம்பிய பிறகு, அக்டோபரில், மகளைப் பூண்டு ஊன்றச் சொல்லுங்கள். அதற்குக் குளிர்காலம் வேண்டும், அப்போதுதான் பல் பிரியும். அடுத்த ஜூலையில் பிடுங்கலாம்.

விதைகளைப் பெட்டிக்குள் கொண்டுபோவதாக இருந்தால் விமான நிலையத்தில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பறிமுதலோடு அபராதமும் வரலாம். வெண்டையும் கத்தரியும் அங்கேயே கடையில் கிடைக்கும், அந்த ஊர்க் கோடைக்குள் காய்க்கும் ரகமாகவும் இருக்கும். என்னைக் கேட்டால் சிலி பாடி தவிர மற்றவற்றை அங்கேயே வாங்குவதுதான் உசிதம்.

போவதற்கு முன் மகளிடம் இரண்டு விவரம் கேட்டு எழுதுங்கள். அந்தத் துண்டு நிலத்தில் ஜூனில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழும்? 6 மணி நேரத்துக்குக் குறைவென்றால் கத்தரியை மறந்துவிட்டுக் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்தது, வேலியோரம் கறுப்பு வால்நட் மரம் ஏதாவது நிற்கிறதா? அதன் வேரிலிருந்து வரும் நஞ்சு தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட்டிவிடும். நின்றால் எல்லாவற்றையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான மண் கலவையைத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.