அந்த சார்ல்ஸ்டன் பாஸை வாங்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஷார்லட் நகரில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். பேத்தியின் மார்ச் விடுமுறையில் இரண்டு நாள் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகருக்குப் போய்ப் பழைய மாளிகைகளைப் பார்க்க ஆசை. ஓர் இணையதளத்தில், எல்லா வரலாற்று வீடுகளுக்கும் ஒரே பாஸ், ரெயின்போ ரோ என்ற வண்ண வீட்டு வரிசை வழியாகக் குதிரை வண்டிச் சவாரி, இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் என்கிறார்கள். இன்றே வாங்கினால் தள்ளுபடியாம். கணவருக்கு மூட்டுவலி. வாங்கலாமா?
- கோவை வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. தள்ளுபடி நாளைக்கும் இருக்கும்.

அங்கே மாளிகைகள் ஒரே நிர்வாகத்தின் கையில் இல்லை. நத்தானியேல் ரஸ்ஸல் வீடும் ஐக்கன்-ரெட் வீடும் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்தவை. ஹேவர்ட்-வாஷிங்டன் வீடும் ஜோசப் மானிகால்ட் வீடும் சார்ல்ஸ்டன் மியூசியத்துடையவை. இரண்டு தரப்பும் தங்கள் வீடுகளுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் தருகின்றன. மூட்டுவலிக்காரரோடு இரண்டு நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று வீடு பார்க்கலாம். அதற்கு எதற்கு ஊர் முழுக்கச் சுற்றும் பாஸ்? ஒரு தரப்பின் டிக்கெட்டை அவர்கள் தளத்திலேயே வாங்கினால் போதும்.

என்னைக் கேட்டால் முதல் ஜோடி. ரஸ்ஸல் வீட்டில் (1808) மூன்று மாடி உயரத்துக்குத் தாங்கலே இல்லாததுபோல் சுழன்று ஏறும் படிக்கட்டு இருக்கிறது. ஐக்கன்-ரெட் வீட்டுக்குப் புது வண்ணம் பூசவில்லை, உரிந்த சுவர்த்தாளோடு கிடைத்த நிலையிலேயே காக்கிறார்கள். பின்கட்டில் சமையற்கூடமும் அதன் மேலே அடிமைகள் படுத்த அறைகளும் உண்டு. முன்கூடத்துச் சரவிளக்கோடு திரும்பிவிடாதீர்கள், அந்த வீட்டை நடத்தியவர்கள் பின்கட்டில்தான் இருந்தார்கள். படி எத்தனை, லிஃப்ட் உண்டா என்பதை மகனை விட்டு அந்தந்த வீட்டுக்கே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். பாஸ் விற்கிறவரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பார்.

குதிரை வண்டி விஷயம் சுத்தப் புளுகு. வண்டியில் ஆள் ஏறிய பிறகுதான் நகராட்சிச் சாவடியில் குலுக்கிப் பந்து எடுத்து எந்த வழி என்று சொல்வார்கள். ஒரே தெருவில் எல்லா வண்டியும் நெரிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வண்டிக்காரராலேயே தர முடியாத வாக்குறுதியை இந்தத் தளம் எப்படித் தருகிறது? ரெயின்போ ரோ என்பது ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக நிற்கும் 13 வண்ண வீடுகள். எதிர் நடைபாதையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம்.

வழிகாட்டிகள் விஷயத்திலும் கவனம். பணம் வாங்கி ஊர் சுற்றிக்காட்ட முன்பு நகராட்சித் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018-இல் நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ரத்து செய்தது, 2020-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. ஆக, தெருவில் சாணம் விழாமல் வண்டிக் குதிரைக்கு டயப்பர் கட்ட விதி இருக்கிறது, வாய்க்கு வந்த கதையைச் சரித்திரமென்று விற்பவருக்கு ஒன்றுமில்லை! அந்தத் தேர்வில் தேறியவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சுற்றுலா ஊர்களில் பாதி விலைக்கு டிக்கெட் நீட்டுகிறவர்களிடமும் நிற்காதீர்கள். டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் பங்கு, அதை விற்கும் பேச்சில் உங்கள் அரை நாள் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். தெருவில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன, எந்த பாஸைக் காட்டினாலும் உள்ளே விட மாட்டார்கள். ஆனால் வசந்த காலத்தில், மார்ச் ஏப்ரல் வாக்கில், அதே ஃபவுண்டேஷன் நடத்தும் விழாவில் சில சொந்தக்காரர்களே கதவைத் திறக்கிறார்கள். 1947-இலிருந்து நடக்கிறது. நீங்கள் போவதும் மார்ச் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். முதலில் விழாத் தேதியைப் பாருங்கள், அப்புறம் ஓட்டல் போடுங்கள். டிக்கெட் அளவாகத்தான் கிடைக்கும், தனி விலை, மேலே சொன்ன ஜோடி டிக்கெட் இதற்குச் செல்லாது. திறப்பது சில வீடுகள் மட்டுமே, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே. தேதி பொருந்தவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இதற்காக ஊர்ப் பயணத்தையே மாற்ற வேண்டாம்.

நடுநகரில் டாஷ் என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது, கணவரை அதில் ஏற்றிவிடுங்கள். கிளம்பும் முன் கடல் ஏற்ற நேரத்தையும் மகன் பார்த்துக்கொள்ளட்டும். ஏற்றம் உயரும் நாட்களில் மழையே இல்லாமல் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும், காரை அங்கே நிறுத்தாதீர்கள்.