டெஸ்ட் பண்ணியாச்சு சார்!

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ரெட் அலர்ட், டைபீரியன் சன், ஜெனரல்ஸ் என்று 'கமாண்ட் அண்ட் கான்கர்' வரிசையில் வந்த பழைய கம்ப்யூட்டர் போர் வியூக விளையாட்டுகளும், நடுநடுவே நிஜ நடிகர்கள் வந்து கேமராவைப் பார்த்து நமக்குக் கட்டளையிடும் அந்த வீடியோக்களும். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: 1996-ல் வந்த ரெட் அலர்ட், அசல் பெட்டியோடு, ஆன்லைனில் ஒருவரிடம் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே ஒரே டிஸ்க். சோவியத் பக்கம் ஆட முடியவில்லை. கேட்டால் "டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினேன்" என்கிறார். (கோவை வாசகர்)

பதில்: டெஸ்ட் பண்ணியிருப்பார், அதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. அந்த ஆட்டம் இரண்டு டிஸ்க்குகளில் வந்தது: ஒன்று நேச நாடுகளுக்கு, இன்னொன்று சோவியத்துக்கு. எதைப் போட்டாலும் ஆட்டம் திறக்கும், அந்தப் பக்கத்துப் போர்கள் ஓடும். ஆக அவர் பொய் சொல்லவில்லை, பாதியை விற்றுவிட்டு முழு விலை வாங்கியிருக்கிறார். ஐன்ஸ்டைன் காலத்தில் பின்னோக்கிப் போய் ஹிட்லரை இல்லாமல் செய்வதில் தொடங்கும் கதை அது. ஸ்டாலின் தன் ஆட்களை மிரட்டும் காட்சிகளெல்லாம் உங்களுக்கு வராத அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

எனக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு ஒரு சிடி வாங்கினேன். மூன்று ஆட்டங்கள், அதில் இதுவும் ஒன்று. இடத்தை மிச்சம் பிடிக்க வீடியோக்களை மொத்தமாக வெட்டி எறிந்திருந்தார்கள். 'ரிப்' என்பார்கள். ஒரு வருஷம் ஆடினேன், இந்த ஆட்டத்துக்குக் கதையே கிடையாது என்று நினைத்துக்கொண்டு! நண்பன் வீட்டில் அசல் டிஸ்க்கைப் பார்த்த அன்றுதான் உண்மை தெரிந்தது. திருட்டு சிடி வாங்கியவன் யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

நீங்கள் அப்படியில்லை, நியாயமாகக் காசு கொடுத்தவர். விற்ற தளத்தில் 'விவரித்தபடி பொருள் இல்லை' என்று உடனே திருப்பி அனுப்பக் கேளுங்கள். விளம்பரத்தையும் அவருடைய பதிலையும் படமெடுத்து வையுங்கள். விற்றவர் கடைக்காரராக இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தனி ஆள் என்றால் தளத்தைத்தான் பிடிக்க வேண்டும். இனிமேல் வாங்குபவர்கள் ஒவ்வொரு டிஸ்க்கின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் படம் பெட்டிக்கு மட்டும்தான் சாட்சி.

கேள்வி: ரெட் அலர்ட், டைபீரியன் சன் இரண்டையும் பென்டிரைவில் ஏற்றி ஒருவர் 800 ரூபாய்க்கு விற்றார். நியாயமான விலையா?

பதில்: பென்டிரைவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெட் அலர்ட்டை 2008-லும் டைபீரியன் சன்னை 2010-லும் உரிமையை வைத்திருக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே இலவசமாக வெளியிட்டுவிட்டது. இது தெரியாமல் போனது உங்கள் தப்பில்லை. தெரிந்தே விற்றவரைத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்த வரிசையின் முதல் ஆட்டத்தையும் ரெட் அலர்ட்டையும் புதுப்பித்து 2020-ல் வந்த ரீமாஸ்டர் தொகுப்பு வாங்கினேன். 55 அங்குல டிவியில் ஆட்டம் பளிச்சென்று இருக்கிறது, வீடியோவில் வரும் முகங்கள் மட்டும் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன. ஏமாற்றுதானே?

பதில்: இல்லை. டாங்கியையும் கட்டடத்தையும் புதிதாக வரையலாம். தொண்ணூறுகளில் லாஸ் வேகாஸில், ஆட்டத்தை உருவாக்கிய வெஸ்ட்வுட் நிறுவனத்து ஆட்கள் பச்சைத் திரைக்கு முன்னால் நடித்ததைத் திரும்ப வரைய முடியுமா? வீடியோக்களை இயக்கிய ஜோசப் குகனே 'கேன்' என்ற வில்லனாகவும் நடித்தார், ஊழியர்கள் பலரும் தலைகாட்டினார்கள். அந்த மூலப் பதிவுகள் கிடைக்கவில்லை. சிடியில் இருந்ததோ சுமார் 320 புள்ளி அகல வீடியோ. அதைத்தான் ஏ.ஐ. வைத்துப் பெரிதாக்கினார்கள், வெளியிடும் முன்பே அதைச் சொல்லவும் செய்தார்கள். டிவியை விட்டுச் சின்னத் திரையில் பாருங்கள். தேறும்.

கேள்வி: அதே தொகுப்பை ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கி ஒன்பது மணி நேரம் ஆடினேன். பிடிக்கவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் வரும். ஒன்பது மணி நேரமா பிடிக்கவில்லை?

கேள்வி: ஜெனரல்ஸ் வாங்கினேன். நடிகர்கள் யாருமே வரவில்லை. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. 2003-ல் வந்த அந்த ஆட்டத்தில் நடிகர்களே கிடையாது. வாங்குமுன் ஐந்து நிமிஷம் தேடிப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் நடிகர்களுக்காகவே வாங்குவதென்றால் எது?

பதில்: 2008-ல் வந்த ரெட் அலர்ட் 3. டிம் கரி, ஜார்ஜ் டகேய், ஜே.கே. சிம்மன்ஸ் மூவரும் கூச்சமே இல்லாமல் மிகையாக நடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் டிஜிட்டலாக வாங்குங்கள், பழைய டிஸ்க் வேண்டாம். வெளிவந்தபோது டிஸ்க்கோடு வரும் சாவி எண்ணை (ஆட்டத்தைத் திறக்கும் எண்) ஐந்து முறைதான் இயக்க முடியும் என்று வைத்திருந்தார்கள். முந்தைய சொந்தக்காரர் அதை என்ன செய்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்காமல் ஒன்று வாங்கினேன், சாவி எண் வேலை செய்யவில்லை. பெட்டி அலமாரியில் அழகாக இருக்கிறது.