ஓகு, ந்னு, புக்கு: இக்போவில் பெரிய எண்கள்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு வரும் நைஜீரியக்காரர்களில் பலர் தங்களுக்குள் இக்போ பேசுகிறார்கள். செல்போனில் பார்த்து ஒன்று முதல் பத்து வரை படித்துவிட்டேன். இருபதுக்கு ‘இரி அபுவோ’ என்று சொன்னபோது வயதான ஒருவர் சிரித்துவிட்டு, ‘ஓகு’ என்றார். கூட வந்த இளைஞர் நான் சொன்னதும் சரிதான் என்றார். எதைப் படிப்பது? நூறு, ஆயிரம் எல்லாம் எப்படிச் சொல்வது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

இருவர் சொன்னதும் சரி. இக்போவில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பழையது இருபதை அடியாகக் கொண்டது, இன்று பள்ளியில் சொல்லித்தருவது பத்தை அடியாகக் கொண்டது. கடை வேலைக்கு முதலில் பத்தின் கணக்கைப் படியுங்கள். ஆனால் அந்தப் பெரியவரின் கணக்கையும் விட்டுவிடாதீர்கள்.

பத்து வரை உங்களுக்குத் தெரியும்: ஓத்து, அபுவோ, அத்தோ, அனோ, இசே, இசீ, அசா, அசத்தோ, இத்தோலு, இரி. கூட்டுவதற்கு நடுவில் ‘நா’ வரும். 11 என்றால் இரி நா ஓத்து. பெருக்குவதற்கு எதுவும் வேண்டாம், எண்ணைப் பின்னால் வைத்தால் போதும். 30 என்பது இரி அத்தோ, 35 என்பது இரி அத்தோ நா இசே. நூறு நாரி, ஆயிரம் புக்கு, பத்து லட்சம் ந்டே, நூறு கோடி இஜெரி. லட்சத்துக்கு நம்மைப் போலத் தனிச்சொல் கிடையாது, நூறாயிரம் என்ற கணக்கில் ‘நாரி புக்கு’ என்பார்கள். நைஜீரியா விடுதலை பெற்ற 1960-ஐ ‘ஓத்து புக்கு, நாரி இத்தோலு நா இரி இசீ’ என்று சொல்லலாம்.

உங்கள் வேலையில் தடுமாற்றம் வருவது பொருளைச் சேர்த்துச் சொல்லும்போதுதான். துணிக்கு ‘உவே’ என்பார்கள். ஐந்து துணி என்றால் உவே இசே, பொருள் முன்னால், எண் பின்னால். ஆனால் ஒன்று மட்டும் முன்னால் போய்விடும்: ஓத்து உவே. நூறு, ஆயிரம் வந்தால் பொருள் நடுவில் புகுந்துகொள்ளும். 600 துணி என்பது நாரி உவே இசீ, நைஜீரியப் பணமான நைராவில் 2,000 என்பது புக்கு நைரா அபுவோ. அடுத்த முறை அவர்கள் விலை பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், ‘நைரா’ நடுவில் ஒலிப்பது பிடிபடும்.

இன்னொன்று. நாம் ‘முப்பத்தைந்தாயிரம்’ என்று ஆயிரத்தை ஒரே ஒரு தடவை சொல்லி முடித்துவிடுவோம். அதே பழக்கத்தில் ‘புக்கு இரி அத்தோ நா இசே’ என்றால் 35,000 என்றும் எடுத்துக்கொள்ளலாம், 30,005 என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘புக்கு இரி அத்தோ நா புக்கு இசே’ என்று புக்குவை இரண்டு தடவை சொல்லிவிட்டால் சந்தேகமே இல்லை. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஆகவே அப்படியே பழகுங்கள்.

இனி பெரியவரின் கணக்கு. எனக்குப் பிடித்தது இதுதான். 20 ஓகு, 40 ஓகு அபுவோ, 100 ஓகு இசே, 200 ஓகு இரி. இருபது இருபதுகள் சேர்ந்தால் 400, அதற்குத் தனிச்சொல்லே உண்டு: ந்னு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958 நாவலான ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டில், சொந்தமாக விதைக் கிழங்கு இல்லாத ஒகொன்க்வோ, பணக்காரரான நுவாகிபியேயிடம் போய்க் கேட்கிறான். அவர் தருவதாகச் சொல்வது ‘இரண்டு நானூறு’ பெருவள்ளிக் கிழங்கு. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு, எண்ணூறு என்று சொல்லாமல் ஏன் இப்படி என்று தோன்றும். ந்னு தெரிந்தவருக்கு அது சாதாரணமான இக்போ, ந்னு அபுவோ. விதைக் கிழங்கை எண்ணிக் கொடுத்த சமூகத்தின் கணக்கை அச்செபே ஆங்கிலத்துக்காக மாற்றவில்லை. அந்த வரியை நான் அவ்வளவு மதிக்கிறேன்.

அந்த 1958-ஐயே பழைய கணக்கில் போட்டுப் பாருங்கள். நாலு நானூறு 1,600, பதினேழு இருபது 340, மீதி 18. அதாவது ந்னு அனோ, ஓகு இரி நா அசா, இரி நா அசத்தோ. நீளம்தான், ஆனால் எல்லாம் கூட்டலும் பெருக்கலும். பக்கத்து மொழியான யொரூபாவில் 45-ஐ ஐம்பதிலிருந்து ஐந்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சிரமம் இக்போவில் இல்லை.

செல்போனில் எழுத்தை மட்டும் பார்த்துப் படிக்காதீர்கள். இக்போவில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும். ஓகு என்று எழுதும் அதே எழுத்துகள் சண்டையையும் குறிக்கும். ஆள் வாயால் சொல்லிக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், அதற்கு உங்களுக்குக் கடையிலேயே ஆள் இருக்கிறார்.

அந்தப் பெரியவர் மறுபடி வந்தால் 200-க்கு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், ‘நாரி அபுவோ’வா, ‘ஓகு இரி’யா என்று. அப்புறம் ஒன்பதையும் கேளுங்கள். சில வட்டாரங்களில் இத்தோலு என்று சொல்லாமல் ‘இத்தெனானி’ என்பார்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்